என்ன விசா?

(வடகரையில் பி.எட். முடித்த இளைஞர்களும் பணியில் இருக்கும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே நல்ல சாரல். மேக்கரைப் பக்கம் மலையே தெரியவில்லை. இந்த மாதிரி மாலையில் குற்றாலத்துக்குப் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், விஷயம் உங்களுக்கு அவசரம் என்றுதான் அர்த்தம். ஆகவே நேரே வந்துவிடுகிறேன்.

'தகுதி பெற்ற ஆங்கில ஆசிரியர் வேலைக்கு எந்த நாட்டுக்குப் போகலாம்?' இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. வரும்போது பஸ் ஸ்டாப் அருகே டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றேன். அங்கே என் உரைக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைத்துவிட்டது. ஒரு பையன் அடுத்த வாரம் கிளம்புகிறானாம். பெஞ்சில் இருந்த பெரியவர் அவனிடம் எந்த ஊர் என்றோ எவ்வளவு சம்பளம் என்றோ கேட்கவில்லை. "என்ன விசா?" என்றார்.

நம் ஊரில் நாற்பது ஐம்பது வருஷமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஃப்ரீ விசாவா, கம்பெனி விசாவா, ஹவுஸ் டிரைவர் விசாவா? அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் அதிகம் போயிருக்க மாட்டார். ஆனால் விசாவில் ஒரு தொழிலும் கையில் வேறு தொழிலுமாக இருப்பவன் கதை எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும். எம்.ஏ., பி.எட். படித்த நாம்தான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுகிறோம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. எந்த நாடு உங்களை ஆசிரியர் என்று எழுத்தில் கூப்பிடுகிறதோ, அந்த நாட்டுக்குப் போங்கள். விசாவில் ஆசிரியர், ஒப்பந்தத்தில் ஆசிரியர், டைம்டேபிளில் ஆசிரியர். மூன்று காகிதத்திலும் ஒரே சொல் இருக்க வேண்டும். சம்பளம், வெயில், சாப்பாடு எல்லாம் அதற்கு அப்புறம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வளைகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம், நாட்டின் பெயரும் வேண்டாம். அன்றைய பாடம் செயப்பாட்டு வினை. கரும்பலகையில் ஒரு வாக்கியத்தைப் பாதி எழுதியிருந்தேன். ஆபீஸ் பையன் கதவைத் தட்டி, "சார், கொஞ்சம் ஸ்டோர் ரூமுக்கு வாங்க" என்றான். கல்வி அமைச்சகத்திலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள். என் விசாவில் 'குமாஸ்தா' என்று இருந்தது. ஸ்டோர் ரூமில் பழைய பெஞ்சுகளுக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் நடுவே என்னைப் போல இன்னும் மூன்று பேர். ஒரு பீரியட் முழுக்க அங்கே இருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி வகுப்புக்குப் போனபோது, முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண்பிள்ளை கரும்பலகையில் என் வாக்கியத்தை முடித்து வைத்திருந்தது. சரியாகத்தான் முடித்திருந்தது. "சார், எங்கே போனீங்க?" என்று கேட்டது. பதினெட்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அங்கே கிடைத்த சம்பளம், அதற்கு முன்னால் நான் வேலை பார்த்த மாலத்தீவுச் சம்பளத்தைவிட நிச்சயமாக அதிகம். ஆனால் மாலத்தீவில் நான் வாத்தியார். வளைகுடாவில் ஒளித்து வைக்கப்படுகிற ஆள். அந்த வித்தியாசத்தை உங்களுக்குக் காட்டத்தான் இவ்வளவும் சொன்னேன்.

சரி, நம்மை ஆசிரியர் என்று கூப்பிட்ட நாடுகள் எவை? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

முதலில் எத்தியோப்பியா. 1941-ல் இத்தாலியர் வெளியேற்றப்பட்ட பிறகு, பேரரசர் ஹைலி செலாசி பள்ளிக்கூடங்களைத் திறந்துகொண்டே போனார். ஆசிரியர்கள் போதவில்லை. 1950-களிலும் 60-களிலும் இந்தியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். பெரும்பகுதி மலையாளிகள். நாம் இங்கே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அடிஸ் அபாபாவில் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும் நடத்தினார்கள். அப்படிப் போன ஓர் ஆசிரியத் தம்பதிக்கு 1955-ல் அங்கே பிறந்தவர்தான் ஆபிரகாம் வர்கீஸ். பின்னால் சென்னையில் மருத்துவம் படித்து முடித்து, 'கட்டிங் ஃபார் ஸ்டோன்' நாவலை எழுதியவர். 1974-ல் பேரரசரை ராணுவம் இறக்கியது. வேலைக்குக் கூப்பிட்ட அரசே போய்விட்டது. போனவர்களில் பலர் பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்தது நைஜீரியா. எண்ணெய் விலை ஏறியிருந்த காலம். 1976 செப்டம்பரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று ஒரு பெரிய திட்டத்தை ஆரம்பித்தார்கள். மேல் வகுப்புகளுக்கும் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பட்டதாரி ஆசிரியரும் நம் பாளையங்கோட்டைப் பட்டதாரியும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்த காலம் அது. 80-களில் எண்ணெய் விலை சரிந்தது. 1986-ல் நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள், அது விழுந்தது. சம்பளப் பட்டியலில் எண் மாறவேயில்லை. ஊருக்கு அனுப்பினால் வந்து சேர்ந்தது மட்டும் சுருங்கிப்போனது.

இந்த இரண்டு நாட்டுக் கதையிலிருந்தும் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கூப்பிடுவது யார், அரசா, தனியார் பள்ளியா, நடுவில் ஒரு ஏஜென்டா? எனக்குச் சம்பளம் எந்த நாணயத்தில், அதை ஊருக்கு அனுப்ப வழி இருக்கிறதா?

மூன்றாவது மாலத்தீவு. இது நம் அண்டை வீடு. ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் போய்விட்டால், அதற்கப்புறம் விமானத்தில் ஏறி ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் மாலே. நம் வீட்டுச் சம்பலில் போடுகிற மாசிக் கருவாட்டுக்கு அந்தத் தீவுகள்தான் பேர்போன இடம். 1960-களில் மாலேயில் ஆங்கில வழிக் கல்வி வந்தது. பிறகு தீவுதீவாகப் பள்ளிக்கூடங்கள் வந்தன. மேல் வகுப்புகளுக்கு உள்ளூரில் ஆசிரியர் போதவில்லை. பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் தேர்வு. அதற்கு அரசே வெளிநாட்டு ஆசிரியர்களை எடுத்தது, இன்றும் எடுக்கிறது. கேரளத்திலிருந்தும் நாகர்கோவில், நெல்லைப் பக்கத்திலிருந்தும் போனவர்கள் ஏராளம்.

நான் போனது 1991-ல். தோணியிலிருந்து இறங்கும்போது கரையில் ஹெட்மாஸ்டர் நின்றிருந்தார், ஊர்த் தலைவர் நின்றிருந்தார், பின்னால் இருபது பிள்ளைகள். தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கால் மணி நேரம் நடந்தால் கடல். ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திவிட்டால் நட்சத்திரம்தான். மார்க்கெட் கிடையாது, பஸ் கிடையாது. காய்கறிப் படகு வராவிட்டால் மீனும் தேங்காயும். முதல் மூன்று மாதம் அழுகை வரும். ஆனால் தெருவில் போனால் கிழவிகூட எழுந்து நின்று 'சார்' என்பாள். என் விசாவிலும் ஆசிரியர், ஒப்பந்தத்திலும் ஆசிரியர்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு 'ஃப' உச்சரிப்பு வராது. 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று சொல்லித் தலையில் ஊறவிடுவார்கள். மாலத்தீவுப் பிள்ளைகளுக்கு அது தாய்ப்பாலோடு வருகிறது. அவர்கள் திவேகி மொழியில் பழைய 'ப' ஒலி 'ஃப' ஆகிவிட்டது. தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஃபென்'. வடக்கே 'பானி' என்பதற்குச் சொந்தக்காரச் சொல்தான். இதை ஒரு நாள் வகுப்பில் விளக்கிவிட்டு, "உங்கள் ஊர்த் தண்ணீரை என் வாயால் சொல்ல எனக்குப் பத்து வருஷப் பயிற்சி வேண்டியிருந்தது" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் அந்தப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

வளைகுடாவுக்குப் போனால் வேறு கதை. அரபியில் 'ப' என்று அழுத்திச் சொல்லும் ஒலி கிடையாது, 'பட்டம்' என்பதில் வரும் முதல் ஒலி. 'பாம்பு' என்பதில் கடைசியில் வரும் மெல்லிய ஒலிதான் உண்டு. அதனால் 'பார்க்கிங்', 'பெப்சி' எல்லாம் அந்த மெல்லிய ஒலியோடுதான் வரும். நாமோ இரண்டுக்கும் ஒரே எழுத்து போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள்! கொரியாவில் 'காஃபி'க்கு 'கொப்பி' என்பது போலச் சொல்கிறார்கள். நம் 'காப்பி'க்கு அண்ணன் தம்பி.

இதெல்லாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நம் கையில் இருக்கும் சரக்கு என்ன என்பதைக் காட்டத்தான். ஆங்கிலத்தை நாம் படி ஏறிப் போய்ப் பிடித்தவர்கள். எந்தப் படி வழுக்கும், எங்கே கைப்பிடி வேண்டும் என்று நமக்குத் தெரியும். மாடியிலேயே பிறந்தவருக்குப் படி இருப்பதே நினைவிருக்காது.

ஆனால் உலகச் சந்தை எல்லா இடத்திலும் இந்தச் சரக்குக்கு விலை வைப்பதில்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடும் நாடுகளில் ஒரு வகை, உங்கள் பட்டத்தைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்க்கிறது. கொரியாவில் தனியார் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா ஏழு நாட்டவருக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதியுள்ள இந்தியர்கள் அங்கே பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியராகச் சேர ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். கதவு சின்னது, குனிந்துதான் போக வேண்டும். சீனாவிலும் இதே ஏழு நாட்டு வாசனைதான். தாய்லாந்து கதவைத் திறக்கும், ஆனால் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் என்று உங்களிடம் ஒரு ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கும். எம்.ஏ. ஆங்கிலம் படித்து இருபது வருஷம் நடத்திய ஆளிடம்தான் கேட்கும். கோபம் வரும். கோபத்தை வைத்துக்கொண்டு தேர்வை எழுதிவிடுங்கள், அந்த மதிப்பெண் வேறு நாட்டுக்கும் உதவும்.

இந்த அநியாயத்தை எதிர்த்து உலக மேடையில் எழுதியவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பது நம் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999-ல் வெளிவந்த தம் நூலில், வெளியிலிருந்து வந்த ஆங்கிலப் பாடத்தை யாழ்ப்பாண மாணவர்கள் தங்கள் வழிக்கு எப்படி வளைத்துக்கொண்டார்கள் என்று எழுதினார். இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். பா. குமாரவடிவேலு கலிபோர்னியாவிலிருந்து 'பியாண்ட் மெத்தட்ஸ்' எழுதினார், 2003-ல். இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு இந்தியர் என்.எஸ். பிரபு; அவர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளி வகுப்பறைகளில் நடத்திய சோதனை 'பெங்களூர் திட்டம்' என்ற பெயரில் உலகம் முழுக்க ஆசிரியப் பயிற்சியில் பாடமாகியிருக்கிறது. பிரபு 1990-ல் எழுதிய ஒரு கட்டுரைக்குத் தலைப்பே, சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று இல்லை, ஏன் என்பதுதான். அதையே நான் நாடுகளுக்குச் சொல்வேன். சிறந்த நாடு என்று ஒன்று இல்லை. உங்கள் பட்டத்துக்கும், வயதுக்கும், வீட்டில் இருக்கும் கடமைக்கும் பொருந்துகிற நாடு உண்டு.

பொருந்தும் நாடுகளில் நம்மவர்களுக்கு இன்றும் பெரிய வாசல் வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள். துபாயில் 1959-ல் வந்திறங்கிய கேரளத்துத் தம்பதி கே.எஸ். வர்க்கியும் மரியம்மா வர்க்கியும் உள்ளூர்க்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைப்பைத் தொடங்கினார்கள். 1968-ல் ஒரு பள்ளியைத் திறந்தார்கள், 'அவர் ஓன் இங்கிலீஷ் ஹைஸ்கூல்'. அது இன்று உலகின் பெரிய தனியார் பள்ளிக் குழுமங்களில் ஒன்றுக்கு வேர். இன்று இந்தியாவுக்கு வெளியே இருநூறுக்கு மேற்பட்ட சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன, அதிகமும் வளைகுடாவில். உங்கள் பி.எட்.டுக்கு அங்கே நேரடி மதிப்பு உண்டு. பாடப்புத்தகமும் தெரிந்ததுதான்.

ஆனால் அங்கே ஒரு சூட்சுமம். சம்பளத்தை ஒரே எண்ணாகக் கேட்காதீர்கள், உடைத்துக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, படி எவ்வளவு? ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். இந்தக் கணக்கு முழுக்க அடிப்படைச் சம்பளத்தில்தான். அடிப்படையைச் சின்னதாகவும் படியைப் பெரிதாகவும் எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் உங்களுக்குத் தெரியாது. ஊர் திரும்பும் நாளில் தெரியும்.

பெண் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த அவையில் பாதிக்கு மேல் நீங்கள்தான். 1964-ல் குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் ஆங்கிலம் படித்த பெண்கள் வரிசை நிற்கவேயில்லை. வளைகுடாவில் கணவர் இருக்கிறார், அவர் குடும்ப விசாவிலேயே போய் அங்கே பள்ளியில் சேரலாம் என்று நினைப்பீர்கள். சேரலாம். பல பள்ளிகள் அதைத்தான் விரும்புகின்றன, வீடும் டிக்கெட்டும் கொடுக்க வேண்டாம் பாருங்கள். ஆனால் அங்கேயும் வேலை அனுமதிச் சீட்டை உங்கள் பெயரில், ஆசிரியர் என்று போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான் உட்கார்ந்த அதே ஸ்டோர் ரூம்தான்.

இங்கிலாந்து? எல்லாரும் கேட்பது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியா உட்பட மேலும் சில நாடுகளின் ஆசிரியர்கள், அங்கே ஆசிரியத் தகுதிச் சான்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி திறந்திருக்கிறார்கள். படித்துவிட்டுத் துள்ளாதீர்கள். இந்தியரிடம் அவர்கள் கேட்பது கணிதம், அறிவியல், அயல்மொழிகள். ஆங்கிலத்தை அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம்! உங்கள் வீட்டில் கணக்கு டீச்சர் இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். விண்ணப்பிக்கும் அன்று அந்த அரசின் அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

பூட்டானையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வழியில் நவீனக் கல்வியைத் தொடங்கிய காலத்திலிருந்து அவர்களுக்கு இந்திய ஆசிரியர்கள் துணை. நமக்கு விசாவே வேண்டாம், வேலை அனுமதி மட்டும் வேண்டும். நாணயமும் நம் ரூபாய்க்குச் சமம். பணம் பெரிதாக மிஞ்சாது. குளிரும் மலையும் மரியாதையும் உண்டு. முதல்முறை வெளியே போய்ப் பழக நினைக்கிறவர்களுக்கு ஏற்ற இடம்.

இனிக் காகித விஷயம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இனிஷியல். நம் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில். ஆதாரில் மூன்றாவது வடிவம். வெளிநாட்டு அதிகாரிக்கு இது மூன்று ஆள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பி.எட். வரை எல்லாப் பெயரையும் இன்று இரவே ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், வேலை வருவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு திருத்த நேரமே இருக்காது.

இரண்டு, கரஸ். நம்மில் பலர் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தவர்கள். அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் சில நாடுகள் அந்தப் பட்டத்தை ஏற்காது, அல்லது ஆயிரம் கேள்வி கேட்கும். எந்த நாடு எதை ஏற்கும் என்பதை முதலில் விசாரித்துவிட்டு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று, சான்றொப்பம். அயல்நாட்டு ஆவணங்களை எளிதாக ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005-ல் நடைமுறைக்கு வந்தது. ஓமன், பஹ்ரைன், சவூதி அதில் இருக்கின்றன. அமீரகம் இல்லை. அங்கே போகிறவர்களுக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று மூன்று படி ஏற வேண்டும். பல்கலைக்கழகம் 'இந்தச் சான்றிதழ் எங்களுடையதுதான்' என்று சொல்ல எடுத்துக்கொள்ளும் நாள் தனி.

நான்கு, ஏஜென்ட். வெளியுறவுத் துறையில் பதிவு பெற்ற ஏஜென்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். லட்சத்தில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம் தமிழ்நாட்டு அரசே 1978-லிருந்து சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. அங்கே முதலில் பெயரைப் பதிந்துவிட்டு, அப்புறம் அடுத்த தெருவுக்குப் போங்கள்.

ஐந்து, அனுப்பும் வழி. மாலத்தீவில் இன்று நம் ஆசிரியர்களின் பெரிய கவலை இதுதான். சம்பளம் அந்த ஊர் ரூஃபியாவில். டாலர் தட்டுப்பாடு வந்தால், வங்கி வழியாக மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைக்கிறார்கள், அதையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். வீட்டில் கடன் தவணை இருக்கிறவர் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. நைஜீரியாக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'அப்படியென்றால் போகவே வேண்டாமா சார்?' என்று நீங்கள் கேட்கலாம். போங்கள். இங்கே தனியார் பள்ளியில் என்ன கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் வீடு நடத்துவது என்ன பாடு என்றும் தெரியும். வெளியே போவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை.

நமக்குப் பக்கத்து ஊர்க் கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். போன இடத்தில் 1946-ல் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள், உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. 1960-ல் அதை உயர்நிலைப் பள்ளியாக்கினார்கள். சிங்கப்பூரில் பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டே போக, 1982-ல் அது மூடப்பட்டது. பெயர் மட்டும் அங்கே ஒரு தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. ஆங்கிலம் கற்பித்தே சோறு தின்ற எனக்கு இந்தக் கதை ஒரு முள். எந்த மொழியை நாம் விற்கப் போகிறோமோ, அது போகிற இடத்தில் எதை இடம் பெயர்க்கிறது என்பதையும் ஆசிரியன் கண் திறந்து பார்க்க வேண்டும். மாலத்தீவுப் பிள்ளையிடம் "ஃபென் என்று சொல்லு பார்ப்போம்" என்று நான் அடிக்கடி கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக நம் குற்றாலத்துக்கே வருகிறேன். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சி உங்களுக்குத் தெரியும். அதில் வரும் குறத்தி சிங்கி ஊர் ஊராகக் குறி சொல்லப் போய்விட்டுத் திரும்பி வருகிறாள். அவள் கணவன் சிங்கன் அவளைப் பார்க்கிறான். காலிலும் விரலிலும் என்னென்னவோ மின்னுகிறது. அவனுக்குச் சந்தேகம். இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் அசரவில்லை. இது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு, இது கண்டி தேசத்தில் கிடைத்த காலாழி என்று நாட்டையும் நகையையும் சேர்த்தே சொல்கிறாள்.

அந்தப் பெண்ணிடம் ஒரு நிமிர்வு இருக்கிறது பாருங்கள். எங்கே போனாலும் குறத்தியாகவே போனாள், குறி சொல்லியே வாங்கினாள். அதனால்தான் ஒவ்வொரு நகைக்கும் அவளிடம் கணக்கு இருந்தது.

எனக்கு ஒரு நகைக்குக் கணக்கு இல்லை. குமாஸ்தா என்ற பெயரில் சம்பாதித்த மூன்று வருஷம். அதில் கட்டியதுதான் எங்கள் வீட்டு மாடி. இன்றும் அந்த மாடிப்படி ஏறும்போது கரும்பலகையில் நான் பாதியில் விட்ட வாக்கியம் ஞாபகத்துக்கு வரும். மாலத்தீவில் சம்பாதித்தது அதைவிடக் குறைவு. அந்தப் பணத்தில் வாங்கிய மர அலமாரி கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவேன்.

போகும்போது டீக்கடையில் அந்தப் பெரியவர் இருப்பார். உங்களில் யாராவது கிளம்புகிறவர்கள் இருந்தால், ஒரு டீ சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கேட்பார். நீங்கள் விசாத் தாளை மடிப்பு நீக்கி அவர் கையிலேயே கொடுக்கும்படி இருக்க வேண்டும்.